இல்லாத நாட்டின் மலையும் ஆறும்

போகாத ஊருக்கு வழி கேட்பானேன் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வதுண்டு. பயனற்ற வேலையில் பொழுதைப் போக்குவோரைத் திருத்த எழுந்த பேச்சு அது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ போகாத ஊரையும் தாண்டி, இல்லாத நாட்டைப் பற்றியது. கதைக்காகவும் விளையாட்டுக்காகவும் கற்பனையில் படைக்கும் நாட்டிற்குக் கணிப்பொறியின் துணைகொண்டு நிலப்படம் வரைகிறார்கள். அந்த நாட்டு மலையும் ஆறும் மெய்யான மலையையும் ஆற்றையும் போலத் தோன்ற வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதே நம் ஆராய்ச்சி. 34 ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். விடை கூறுமுன் என் பிழை ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

1986-ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சியை முடித்துப் பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் நிலப்பட ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவனுடைய ஏட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு தீவு இருந்தது. உலகப் படத்தில் எங்கும் காணாத தீவு. மேற்கே மலைத்தொடர், அதிலிருந்து கிழக்கே இறங்கும் மூன்று ஆறுகள், நடுவே ஓர் ஏரி, ஆறு கடலோடு கூடும் இடத்தில் ஒரு துறைமுகம். எல்லாவற்றிற்கும் அவனே பெயர் சூட்டியிருந்தான். நான் சிவப்பு மையால் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். 'இல்லாத ஊருக்குப் படம் எதற்கு? இந்தியப் படத்தை இருமுறை வரைந்து வா' என்று அதன் கீழே எழுதினேன். ஏட்டைப் பெற்றுக்கொண்ட சிறுவன் சற்று நேரம் நின்றான். "ஐயா, ஆறுகள் சரியாக ஓடுகின்றனவா?" என்று கேட்டான். நான் மீண்டும் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. "போய் உட்கார்" என்றேன். அந்த ஆண்டு முழுவதும் அவன் என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

இது நடந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் பேத்தி ஒரு கதை எழுதத் தொடங்கினாள். கதை நடக்கும் நாட்டைத் தானே படைத்து, அதன் படத்தைக் கணிப்பொறியில் வரைந்திருந்தாள். ஒருநாள் மாலை என்னை அழைத்துத் திரையைக் காட்டி, "தாத்தா, இந்த ஆறு சரியா?" என்று கேட்டாள். பழைய கேள்வி வேறொரு குரலில் வந்து நின்றது. இம்முறை பார்த்தேன். அவளுடைய ஆறுகளில் ஒன்று மேற்குக் கடலில் தொடங்கி, நாட்டைக் கடந்து, கிழக்குக் கடலில் முடிந்தது. இன்னொன்று உள்நாட்டில் இரண்டாகப் பிரிந்து இரு வேறு கடல்களை அடைந்தது. "தவறு" என்றேன். "ஏன்?" என்றாள். எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை என்ற சொற்களே முதலில் என் நாவுக்கு வந்தன. அவை விடையாகா என்பது எனக்கே தெரிந்தது. அன்று முதல் நாங்கள் இருவரும் சேர்ந்து கற்கத் தொடங்கினோம். கருவியைக் கையாளும் முறையை அவள் எனக்குச் சொன்னாள். நீர் ஓடும் முறையை நான் அவளுக்குச் சொன்னேன்.

கற்பனை நிலப்படம் வீண்வேலை என்று எண்ணுவோர்க்கு ஒரு வரலாறு உண்டு. 1881-ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்தில் பிரேமார் என்னும் சிற்றூரில், ஒரு குடிசை வீட்டில் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் தங்கியிருந்தார். வெளியே ஓயாத மழை. அவருடைய மனைவியின் மகனான லாயிட், படம் தீட்டிப் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தான். அந்த விளையாட்டில் தாமும் கலந்துகொண்ட ஸ்டீவன்சன் ஒரு தீவின் படத்தை வரைந்து, வண்ணம் தீட்டிப் பெயரும் இட்டார். அந்தப் படத்தை நோக்கியபோதுதான் அதன் காடுகளிலிருந்து கதைமாந்தர்கள் எட்டிப்பார்க்கத் தொடங்கினர் என்று அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். 'புதையல் தீவு' என்னும் நாவல் அவ்வாறு பிறந்து, 1883-இல் நூலாக வெளிவந்தது. இடையில் ஓர் இடையூறு நேர்ந்தது. அச்சுக்காக அனுப்பிய நிலப்படம் போய்ச் சேரவில்லை. எழுதி முடித்த கதையைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்து, அதில் வரும் இடங்களுக்கெல்லாம் பொருந்துமாறு புதிய படம் ஒன்றை அவர் வரைய நேர்ந்தது. படத்தைக் கொண்டு கதையை அமைப்பது எளிதாக இருந்தது. கதையைக் கொண்டு படத்தை அமைப்பது பெருந்துன்பமாக இருந்தது. புதிய படம் அவருக்குப் பழைய தீவாகத் தோன்றவே இல்லை.

இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை நிலத்துக்குப் பின்னே வரவேண்டும் என்று ஸ்டீவன்சன் உணர்ந்தார். அவ்வாறே ஆறும் நிலத்துக்குப் பின்னே வரவேண்டும். முதலில் நீலக் கோடுகளை இழுத்துவிட்டு, பின்பு இடைவெளிகளில் மலைகளைச் செருகுவது நம்மில் பலரின் வழக்கம். கற்பனைப் படங்களில் தோன்றும் பிழைகளுள் பெரும்பாலானவற்றிற்கு இதுவே வேர்.

நிலத்தைக் கணிப்பொறி எவ்வாறு அறிகிறது? அதற்குக் கண் இல்லை. எண் மட்டுமே உண்டு. ஆகவே நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் அதன் உயரத்தை ஓர் எண்ணாகக் கொடுக்கிறோம். இதனை உயரப்படம் என்பர். திரையில் அது கருப்பு வெள்ளைப் படமாகத் தோன்றும். தாழ்ந்த இடம் கருமை, உயர்ந்த இடம் வெண்மை, இடைப்பட்டவை சாம்பல் நிறம்.

வானொலியில் படம் காட்ட இயலாது. ஆதலின் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று கட்டம், ஆக ஒன்பது கட்டங்கள் வரையுங்கள். மேல் வரிசையில் 90, 80, 85 என்று எழுதுங்கள். நடு வரிசையில் 70, 60, 75. கீழ் வரிசையில் 65, 40, 55. இவை மீட்டரில் உயரங்கள் என்று கொள்ளுங்கள். இப்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குடம் நீர் ஊற்றுவோம். ஒவ்வொரு கட்டத்து நீரும் தன்னைச் சூழ்ந்த கட்டங்களுள் எப்பக்கம் சரிவு மிகுதியோ அப்பக்கம் இறங்கும். மேல் வரிசை மூன்றின் நீரும் நடுவில் உள்ள 60-ஐ அடைகிறது. அது தன் குடத்தையும் சேர்த்து நான்கு குடம் நீரோடு கீழே உள்ள 40-க்கு இறங்குகிறது. பக்கங்களில் உள்ள 70, 75, 65, 55 ஆகியவற்றின் நீரும் அங்கேயே வருகிறது. அதன் சொந்தக் குடத்தையும் கூட்டினால் 40 என்ற கட்டத்தில் ஒன்பது குடம் நீர் சேர்ந்துவிட்டது.

நண்பர்களே, ஆறு என்பது இதுதான். எந்தக் கட்டங்களில் பல கட்டங்களின் நீர் வந்து கூடுகிறதோ அந்தக் கட்டங்களின் வரிசையே ஆறு. ஓ'காலகன், மார்க் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1984-இல் இந்த எட்டுத்திசை முறையை வெளியிட்டனர். இன்றும் நிலவியற் கணிப்பொறிக் கருவிகளில் இது வழங்குகிறது. கீழே செல்லச் செல்ல ஆறுகள் ஏன் ஒன்றோடொன்று கூடுகின்றன, ஏன் பொதுவாகப் பிரிவதில்லை என்ற கேள்விக்கு நீங்கள் எழுதிய ஒன்பது எண்களே விடை கூறிவிட்டன. என் பேத்தி கேட்ட 'ஏன்' என்னும் வினாவுக்கு நான் தந்திருக்க வேண்டிய விடையும் இதுவே.

உயரத்தை எத்தனை படிகளாகப் பகுக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். சாதாரணச் சாம்பல் நிறப் படத்தில் கருமை முதல் வெண்மை வரை 256 படிகளே உண்டு. நம் நாட்டின் மிக உயர்ந்த சிகரம் 2,560 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு படி 10 மீட்டர் ஆகும். மலைச்சரிவு படிக்கட்டுப் போலத் தோன்றும். சமவெளியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 50 கிலோமீட்டர் ஓடியும் 10 மீட்டர் இறங்காத ஆறுகள் உண்டு. அந்த நிலம் முழுவதும் ஒரே படியில் அடங்கிவிடுமானால், நீருக்கு எந்தத் திசை இறக்கம் என்று தெரியாது. ஆகவே 65,536 படிகள் கொண்ட உயரப்படத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதே சிகரத்திற்கு அப்போது ஒரு படி ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான்.

இனி, இலட்சக்கணக்கான கட்டங்களுக்கு உயரத்தை யார் எழுதுவது? கையால் எழுதப் புகுந்தால் வாழ்நாள் போதாது. இங்கே இரைச்சல் என்னும் உத்தி துணைக்கு வருகிறது. இரைச்சல் என்றால் வானொலி நேயர்களுக்கு விளக்கவேண்டியதில்லை; நிலையம் சரியாகப் பிடிபடாதபோது கேட்கும் கரகரப்பு அது. கட்டங்களில் மனம்போனபடி எண்களை நிரப்பினால் அந்தக் கரகரப்புப் போன்ற நிலமே கிடைக்கும். ஊசிமுனைகள் நெருங்கிய முட்படுக்கை போல இருக்கும். அடுத்தடுத்த எண்கள் மெல்ல மெல்ல மாறும்படியான இரைச்சல் ஒன்றை அமைத்தவர் அமெரிக்க அறிஞர் கென் பெர்லின். 1982-இல் வெளிவந்த 'டிரான்' என்ற திரைப்படத்தில் பணிபுரிந்த பின் இந்த முறையை வகுத்து, 1985-இல் வெளியிட்டார். 1997-இல் இதற்காக அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் தொழில்நுட்ப விருதும் பெற்றார். முதலில் அகன்ற மேடுபள்ளங்களை உருவாக்குவர். அவற்றின் மேல் பாதி அகலமும் பாதி உயரமும் உள்ள மேடுகளைக் கூட்டுவர். அதன்மேல் இன்னும் சிறியவை. இவ்வாறு ஆறேழு அடுக்குகள் சேர்ந்தால் மலைநாடு போன்ற தோற்றம் பிறக்கும்.

பெரியதன் வடிவமே சிறியதிலும் மீண்டும் காணப்படும் என்ற உண்மையை உலகறியச் செய்தவர் பெனுவா மாண்டல்பிராட் என்னும் கணித அறிஞர். பிரிட்டன் கடற்கரையின் நீளம் எவ்வளவு என்று 1967-இல் ஒரு கட்டுரையில் அவர் வினவினார். அளவுகோல் சிறுக்கச் சிறுக்க வளைவுகள் மிகுதியாக அகப்பட்டு, நீளம் வளர்ந்துகொண்டே போகும் என்று காட்டினார். லோரன் கார்ப்பென்டர் என்பவர் இக்கருத்தைக் கொண்டு 1980-இல் 'வோல் லிப்ரே' என்ற இரண்டு நிமிடப் படத்தை ஆக்கினார். முக்கோணங்களைச் சிறு சிறு முக்கோணங்களாகப் பகுத்து, ஒவ்வொரு முறையும் முனைகளைச் சிறிது ஏற்றியும் இறக்கியும், கணிப்பொறியிலேயே மலைகளை எழுப்பி, அவற்றின்மீது பறப்பது போலக் காட்டினார்.

ஆனால் இரைச்சலால் எழுந்த மலையில் ஒரு குறை உண்டு. அதனைத் தலைகீழாகத் திருப்பினாலும் ஏறத்தாழ அதே தோற்றமே இருக்கும். எத்தனை குன்றுகள் உண்டோ அத்தனை குழிகளும் இருக்கும். மெய்யான நிலம் அத்தகையது அன்று. நீர் நெடுங்காலம் ஓடிய நாட்டில் வழியில்லாத குழிகள் மிகச் சிலவே. பள்ளத்தாக்குகள் ஒன்றோடொன்று கிளைபோலக் கூடி, எப்படியாவது கடலுக்கு வழி கண்டிருக்கும். இரைச்சலுக்கு வடிவம் தெரியும், வரலாறு தெரியாது. நிலத்தின் வரலாற்றை எழுதுவது நீர்.

1989-இல் மஸ்கிரேவ் என்பவரும் அவருடைய நண்பர் இருவரும் இந்தக் குறைக்கு மருந்து கண்டனர். கணிப்பொறி நிலத்தின்மீது கணிப்பொறி மழையைப் பெய்வித்தனர். விழும் நீர் சரிவை நோக்கி ஓடுகிறது. விரைந்து ஓடும் இடத்தில் மண்ணை அரித்து எடுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டத்தின் எண் சிறிது குறைகிறது. சரிவு குறைந்து வேகம் தணியும் இடத்தில் சுமந்து வந்த மண்ணை இறக்கிவிடுகிறது. அங்கே எண் சிறிது கூடுகிறது. ஒரு துளி செய்யும் மாற்றம் கண்ணுக்குப் புலனாகாது. இலட்சக்கணக்கான துளிகள் அடுத்தடுத்து விழும்போது பள்ளத்தாக்கு ஆழமாகிறது. மலையடிவாரத்தில் மண் விசிறி போல விரிகிறது. இதனோடு மற்றொரு விதியும் சேரும். உதிர்ந்த கல்லும் மணலும் ஏறத்தாழ 30 முதல் 35 பாகைச் சரிவு வரைதான் நிலைத்து நிற்கும். அதற்கு மேல் செங்குத்தானால் சரிந்து விழும். மலையடிவாரத்துக் கற்குவியல்கள் இவ்விதியால் அமைகின்றன.

இவற்றையெல்லாம் கற்ற பின்பு நானும் ஒரு நாட்டைப் படைக்க முனைந்தேன். தெற்கிலிருந்து வடக்கே நீண்ட ஒரு மலைத்தொடரை அமைத்தேன். மலைக்கு மேற்கே ஒரு தலைநகர். அதனருகே ஒரு பேராறு. அது கிழக்குக் கடலில் கலக்க வேண்டும் என்று என் உள்ளம் விரும்பியது. நீலக் கோட்டை இழுத்துவிட்டேன். பேத்தி ஒன்றும் சொல்லாமல் நீரோட்டத்தைக் கணக்கிடும் கட்டளையைக் கொடுத்தாள். நீர் என் கோட்டின் வழியே மலையடிவாரம் வரை வந்தது, அங்கே நின்றது, தேங்கியது. தேங்கிய நீர் ஏரியாகப் பெருகி, என் தலைநகரை மூழ்கடித்து, மிகத் தாழ்ந்த கரை எதுவோ அதன் வழியாக, நான் எண்ணியிராத மேற்குத் திசையில் வழிந்து சென்றது. 34 ஆண்டுகள் ஆறுகளைப் பற்றிப் பாடம் சொன்னவன் ஆற்றை மலைமேல் ஏறச் சொல்லியிருந்தேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். எனினும் அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

ஏன் என்று எண்ணிப் பார்த்தேன். பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கற்பித்தவாறே நானும் கற்பித்தேன். எல்லைக்கோடு மட்டும் அச்சிட்ட படத்தை மாணவர் கையில் கொடுப்பேன். ஆறுகளைக் குறி, மலைகளைக் குறி, நகரங்களைக் குறி என்பேன். கோடு சரியான இடத்தில் இருந்தால் மதிப்பெண். அந்த ஆறு ஏன் அங்கே இருக்கிறது என்று நான் கேட்டது மிகக் குறைவு. உள்ள நாட்டின் படத்தில் விடை முன்பே வரையப்பட்டிருக்கிறது, பார்த்து எழுதிவிடலாம். இல்லாத நாட்டின் படத்தில் பார்த்து எழுத ஏதுமில்லை. காரணம் தெரிந்தால்தான் கோடு நகரும். அன்று ஏட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த தீவே, நான் நடத்திய பாடங்களுள் எல்லாம் கடினமான தேர்வு என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

விதி என்றால் விலக்கும் உண்டு. கழிமுகத்தில் ஆறு கிளைகளாகப் பிரிகிறது. சரிவு குறைந்து, தான் கொணர்ந்த வண்டலே தன் வழியை அடைப்பதால் நீர் புதுவழிகளைத் தேடுகிறது. நம் காவிரி முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டுப் பல கிளைகளாகச் சோழநாட்டில் பரவுவதை நீங்கள் அறிவீர்கள். தென் அமெரிக்காவில் காசிகியாரே என்றோர் ஆறு, ஓரினோக்கோ ஆற்றின் நீரில் ஒரு பகுதியைப் பிரித்து அமேசான் வடிநிலத்திற்குக் கொண்டுசெல்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் 1800-இல் அதில் படகேறிச் சென்று கண்டார். மலையைக் கடக்கும் ஆறுகளும் உண்டு. சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆகியவை இமயத்தின் வடபுறம் தோன்றி, அதனை ஊடறுத்துத் தென்புறம் வருகின்றன. இமயம் மெல்ல மெல்ல உயர்ந்தபோது இவை தம் வழியை அறுத்துக்கொண்டே வந்தன. அவை மலையைக் காட்டிலும் மூத்த ஆறுகள். ஆகவே என் தலைநகரத்து ஆறும் மலையைக் கடக்கலாம். ஆனால் அந்த மலைக்கு முன்பே அது பிறந்திருக்க வேண்டும், அது குடைந்த ஆழ்ந்த பள்ளத்தாக்கு என் படத்தில் இருக்கவேண்டும். விலக்கை வேண்டுபவன் அதற்குரிய காரணத்தையும் படைக்கக் கடமைப்பட்டவன்.

மலையும் நீரும் அமைந்த பின் காற்றைப் பற்றி எண்ண வேண்டும். கடற்காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஈரக்காற்று மலைமேல் ஏறும்போது குளிர்ந்து மழையைப் பொழிகிறது. மறுபுறம் இறங்கும்போது வறண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத்தொடர்ச்சி மலையின் மேலைச் சரிவை நனைத்துவிட்டுக் கீழைப் பக்கத்தை மழைமறைவில் விடுவது நாம் ஆண்டுதோறும் காண்பது. கணிப்பொறியிலும் காற்றின் ஈரத்தைக் கட்டம் கட்டமாக நகர்த்தி, நிலம் உயரும் இடத்தில் மழையாகக் கழித்துக்கொண்டே செல்லலாம். காடு எங்கே, பாலை எங்கே என்பதை அந்தக் கணக்கே காட்டிவிடும். பச்சை வண்ணத்தை விரும்பிய இடத்தில் பூசவேண்டிய தேவை இராது.

கடைசியாக, நிலத்தைக் கண்ணுக்குக் காட்டும் கலை. மலையின் ஒருபுறம் ஒளியும் மறுபுறம் நிழலும் இட்டால் தட்டையான தாளில் மலை எழுந்து நிற்கும். சுவிட்சர்லாந்தின் எட்வர்ட் இம்ஹாஃப் இக்கலையின் பேராசான். 1965-இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் போற்றப்படுகிறது. நிலப்படங்களில் ஒளி வடமேற்கிலிருந்து, அதாவது தாளின் இடது மேல் மூலையிலிருந்து வருவதாகக் கொள்வது மரபு. ஐரோப்பாவில் நண்பகற் சூரியன் தெற்கே நிற்கிறது. எனினும் மரபு இதுவே. ஒளி கீழ்ப்புறத்திலிருந்து வருமாறு தீட்டினால் நம் கண் ஏமாந்து, மலைகள் பள்ளங்களாகவும் பள்ளங்கள் மலைகளாகவும் தோன்றும். உயரத்தையும் சிறிது மிகுத்துக் காட்ட வேண்டும். 1,000 கிலோமீட்டர் அகலமுள்ள நாட்டை 50 சென்டிமீட்டர் தாளில் வரைந்தால், 2,000 மீட்டர் மலை அதே அளவில் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான். மிகுத்துக் காட்டாவிட்டால் மலை தெரியாது; அளவின்றி மிகுத்தால் நாடு முழுவதும் ஈட்டிமுனைகளாகிவிடும்.

இந்தக் கருவிகளுக்குப் பெரும் பொருள் வேண்டுமோ என்று அஞ்சவேண்டாம். உயரப்படத்தைத் தீட்ட ஜிம்ப், நீரோட்டத்தையும் வடிநிலத்தையும் கணக்கிடக் கியூஜிஐஎஸ், ஒளிநிழல் காட்டப் பிளெண்டர் ஆகிய மூன்றும் விலையின்றிக் கிடைப்பவை. ஒப்பிட்டுப் பார்க்க மெய்யான நிலமும் விலையின்றி உண்டு. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து, 60 மீட்டர் நீளக் கம்பத்தின் முனையில் பொருத்திய கருவியின் துணையோடு, உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டின் உயரத்தை ரேடார் அலைகளால் அளந்தது. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஓர் எண் வீதம் அந்த உயரங்கள் எவருக்கும் கிடைக்கின்றன. நீங்கள் படைத்த மலையையும் நீங்கள் அறிந்த ஒரு மலையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எங்கே வேறுபடுகிறது என்று கண்டு, ஏன் என்று கேளுங்கள்.

ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு கண்டத்தையே காட்டும் கருவிகளும் இன்று வந்துவிட்டன. அவற்றைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. ஆனால் திரையில் தோன்றிய ஆறு சரியா தவறா என்று சொல்லத் தெரியாதவன் அந்த நாட்டின் விருந்தினனே ஆவான். அதனைப் படைத்தவன் ஆகான்.

அந்தச் சிறுவன் இன்று ஐம்பது வயதைக் கடந்திருப்பார். எங்கே இருக்கிறார் என்று அறியேன். சென்ற கோடையில், நினைவில் நின்ற அளவுக்கு அவருடைய தீவை நான் கணிப்பொறியில் வரைந்தேன். உயரங்கள் நான் இட்டவை. ஆதலால் அதனை முழுச் சான்றாகக் கொள்ள இயலாது. மேற்கே மலையை எழுப்பி, கிழக்கே சரிவு அமைத்து, மழையைப் பெய்வித்தேன். நீர் மலையிலிருந்து இறங்கியது, ஏரியை நிரப்பியது, தாழ்ந்த கரையில் ஒரே வழியாக வெளியேறியது, அவர் துறைமுகத்தைக் குறித்திருந்த இடத்திற்கு அருகிலேயே கடலைச் சேர்ந்தது.

ஆறுகள் சரியாக ஓடுகின்றனவா என்று கேட்டீர்களே தம்பி, சரியாகத்தான் ஓடுகின்றன. அன்றே பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இன்று வானொலியின் வாயிலாகச் சொல்லுகிறேன். உங்கள் காதில் விழுமாயின் மகிழ்வேன்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஏட்டின் கடைசிப் பக்கத்தில் இன்றே ஒரு தீவை வரையுங்கள். முதலில் மலை, பிறகு மழை, அதன்பின் ஆறு. வரைந்து முடித்ததும் உங்கள் ஆசிரியரிடம் காட்டி, ஆறுகள் சரியாக ஓடுகின்றனவா என்று கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே, அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.